கொப்புளம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோல சிலாங்கூரில் இருக்கும் அப்பா வீட்டின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்வதென்று இறங்கினேன். அக்டோபர் மழையில் லாலாங் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. கால்வாய் ஓரமாகக் காய்ந்த வாழை மட்டைகள் வேறு. வழக்கமாக இந்த வேலை தம்பியுடையது. அவன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். அதனால் சாங்குல் என் கைக்கு வந்தது.

நான் ஒரு வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சி செய்கிறேன். ஒரு நாளில் என் கைகள் செய்யும் கனமான வேலை, காப்பிக் குவளையைத் தூக்குவதுதான். இருந்தாலும், 'ஒரு மணி நேரத்தில் முடித்துக் காட்டுகிறேன் பாருங்கள்' என்று அம்மாவிடம் சவால் விட்டு, கையுறைகூடப் போடாமல் வெட்ட ஆரம்பித்தேன்.

நாற்பதாவது நிமிடத்தில் சாங்குலைக் கீழே போட்டேன். வலது உள்ளங்கை எரிந்தது. விரல்கள் தொடங்கும் இடத்தில் வரிசையாக நான்கு சிவந்த வட்டங்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் நான்கிலும் தண்ணீர் கோத்துக்கொண்டது. இடது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இன்னொன்று.

அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "பஞ்சு கைம்மா உனக்கு. மைக் பிடிக்கிற கையில சாங்குலைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்."

சாப்பிட்டு முடித்ததும் அவரே இறங்கினார். முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர். முதலில் பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைக் குலை வெட்டினார். நான் விட்ட மீதியை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, கை காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு சிவப்பும் இல்லை.

அவர் காலில் மாட்டியிருந்தது தம்பியின் பழைய ரப்பர் பூட்ஸ். ஓர் அளவு பெரியது. காலுறை போடவில்லை. அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் என் கொப்புளக் கதையைச் சொன்னேன். அழைப்புகள் குவிந்தன. பற்பசை தடவுங்கள் என்றார் ஒருவர். மஞ்சளைக் குழைத்துப் போடுங்கள் என்றார் ஓர் அக்கா. ஊசியைக் காய்ச்சிக் குத்திவிட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்றார் ஒரு மாமா. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்த வாரத்தின் நல்ல நிகழ்ச்சி அதுதான் என்று தயாரிப்பாளரும் பாராட்டினார்.

வியாழக்கிழமை அம்மா கூப்பிட்டார். தரையைத் துடைக்கும்போது அங்கங்கே ரத்தத் துளி இருந்ததாம். யார் காலில் அடிபட்டது என்று தேடியிருக்கிறார். அப்பாவின் இடது கால் சுண்டு விரல் ஓரத்தில் கொப்புளம் வந்து, உடைந்து, சுற்றிலும் கருத்துப் போயிருந்தது. "எனக்கு வலிக்கவே இல்லையே" என்றாராம் அப்பா.

அப்பாவுக்குப் பதினான்கு வருடமாக இனிப்பு நீர்.

கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தீபாவளியன்று அவர் வார்டில் இருந்தார். அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. 'சீக்கிரம் வந்தீர்கள், அதனால் ஒரு விரலோடு போயிற்று' என்று டாக்டர் சொன்னபோது, என் உள்ளங்கையில் உரிந்துகொண்டிருந்த தோலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கொப்புளத்தை ஊருக்கெல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவரின் காலைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கொப்புளம் என்றால் எனக்கு விளையாட்டு இல்லை. டாக்டரிடமும் தாதியரிடமும் கேட்டேன், படித்தேன், அப்பாவிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

கொப்புளம் எப்படி வருகிறது?

தோலின் மேல்பக்கம் தேய்ந்துதான் கொப்புளம் வருகிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில் கிழிவது உள்ளே. ஒரு விரலை உங்கள் புறங்கையில் அழுத்தி வைத்து, வழுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு நகரும், கீழே இருக்கும் எலும்பு நகராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அடுக்குகள் இழுபடும். சாங்குல் பிடியைப் பிடித்து நூறு முறை வெட்டினால், நூறு முறை இந்த இழுப்பு நடக்கிறது. ஒரு கட்டத்தில் மேல்தோலின் உள் அடுக்கு பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது.

நீர் சேர்ந்து முழுக் கொப்புளமாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் வேலை செய்யும்போது எரிச்சல் மட்டும் தெரிகிறது, கொப்புளம் சாப்பாட்டு நேரத்தில் முகம் காட்டுகிறது. அந்த எரிச்சல்தான் எச்சரிக்கை. சிவந்து, சூடாக, கூசுவதுபோல் இருந்தால் அங்கே கிழியப் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நிறுத்தினால் கொப்புளம் வராமல் தப்பிக்கலாம். 'இன்னும் கொஞ்சம்தானே' என்று இழுப்பதுதான் நாம் செய்யும் தப்பு.

நம் ஊர்ச் சூழலில் இன்னொரு சங்கடம் வியர்வை. காய்ந்த தோல் வழுக்கும், ஈரமான தோல் ஒட்டும். ஒட்டினால் இழுப்பு கூடும். வெயில் ஏறிய பிறகு பத்து நிமிடத்தில் உள்ளங்கை நனைந்துவிடும். காலை ஏழரைக்கே தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கச் சொல்வது வெயிலுக்காக மட்டும் இல்லை, தோலுக்காகவும்தான்.

தேங்காய் எண்ணெய் தடவினால் வராது என்று அம்மா சொல்வார். முதலில் வழுக்கிவிட்டு உதவுவதுபோல்தான் இருக்கும். நேரம் போகப் போக எண்ணெய் தோலில் ஊறி, தோல் மென்மையாகி, உராய்வு முன்பைவிடக் கூடிவிடும். பிடியும் வழுக்குவதால் நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். எண்ணெயை வேலை முடிந்த பிறகு தடவிக்கொள்ளலாம்.

அப்பாவின் கை ஏன் தாங்கியது?

அப்பாவின் உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் அவர் கன்னத்தைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அந்தக் காய்ப்பு ஒரே நாளில் வந்ததில்லை. தோல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உராய்ந்தால், அது தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். ஒரே நாளில் அளவு மீறி உராய்ந்தால் கிழிந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் வேகம் மட்டும்தான்.

"நானும் அழுதிருக்கேன்" என்றார் அப்பா. பதினாறு வயதில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நின்று, பால்வெட்டுக் கத்தியை வாங்கிய முதல் வாரத்தில் சோற்றைப் பிசைய முடியவில்லையாம். பாட்டி ஊட்டிவிட்டாராம். பழைய ஆட்கள்தான் கத்திப் பிடியில் துணி சுற்றிக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்காதே என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் சாங்குலைத் தொடும் நமக்கு அந்தக் காய்ப்பு வரவே வராது. ஆகவே நமக்கு வழி மூன்றுதான்: உறை, ஓய்வு, கவனம்.

தொடங்கும் முன்

கையுறை போடுங்கள். ஹார்ட்வேர் கடையில், உள்ளங்கைப் பக்கம் மட்டும் ரப்பர் பூசிய துணிக் கையுறை சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. தோட்ட வேலைக்கு அது போதும். அளவுதான் முக்கியம். விரல் நுனியில் துணி தொங்கினால் கையுறையே உள்ளே சுருண்டு உராயும். மிகவும் இறுக்கமாக இருந்தாலும் ஆகாது. போட்டுக்கொண்டு கையை மூடித் திறந்து பாருங்கள், உள்ளங்கையில் மடிப்பு விழக்கூடாது. முழுக்க ரப்பராக இருப்பவை பாத்திரம் கழுவத்தான் நல்லது. வியர்வை வெளியேறாமல் உள்ளே குளம் கட்டிவிடும்.

இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று நனைந்தால் வெயிலில் காயப் போட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொள்ளலாம்.

மோதிரத்தைக் கழற்றுங்கள். கல்யாண மோதிரம் போட்ட விரலின் அடியில்தான் முதல் கொப்புளம் வரும். பிடிக்கும் மோதிரத்துக்கும் நடுவில் தோல் நசுங்குவதால் வருவது அது.

பிடியைத் தடவிப் பாருங்கள். பழைய சாங்குல், பாராங், ரேக் ஆகியவற்றின் மரப்பிடியில் சிலாம்பு எழும்பி இருக்கும். உப்புத்தாள் போட்டு இரண்டு நிமிடம் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். பிடி ஆடினால் ஆப்பு அடித்து இறுக்குங்கள். ஆடும் பிடியை அடக்க நாம் கூடுதலாக அழுத்துவோம், உராய்வும் கூடும். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிப் பிடியில் சுற்றுவது அப்பா வழக்கம். வழுக்காது, அதனால் லேசாகப் பிடித்தாலே போதும் என்பது அவர் கணக்கு.

எந்த இடத்தில் எப்போதும் கொப்புளம் வருகிறதோ அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் காகித டேப் மலிவானது. 2016-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், பல நாள் ஓடும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பாதங்களில் இதை ஒட்டிச் சோதித்தார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 விழுக்காடு குறைந்தது. அது பாதத்துக்குச் செய்த ஆய்வு என்றாலும், கொப்புளம் வரும் விதம் கைக்கும் ஒன்றுதான். விரல்களின் அடி நான்கிலும், கட்டை விரல் மடியும் இடத்திலும் ஒட்டினால் போதும். சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள், சுருக்கமே உராயும்.

வேலையின்போது

ஒரே வேலையை ஒரு மணி நேரம் செய்யாதீர்கள். பதினைந்து நிமிடம் வெட்டுங்கள், பதினைந்து நிமிடம் கூட்டுங்கள், பிறகு குப்பையைப் பையில் அள்ளுங்கள். சாங்குல் அழுத்தும் இடம் வேறு, ரேக் அழுத்தும் இடம் வேறு, துடைப்பம் அழுத்தும் இடம் வேறு. மாற்றி மாற்றிச் செய்தால் எந்த ஓர் இடமும் அளவு மீறாது.

கைகளையும் மாற்றுங்கள். எப்போதும் வலது கை முன்னால் இருந்தால், சிறிது நேரம் இடது கையை முன்னால் வையுங்கள். ஆரம்பத்தில் கோணலாக வரும். பரவாயில்லை, லாலாங் புல் கோபித்துக்கொள்ளாது.

கருவி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய பாராங்கில் மூன்று வெட்டு வெட்டும் இடத்தில் கூரான பாராங்குக்கு ஒன்று போதும். வெட்டு குறைந்தால் உராய்வும் குறையும்.

தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கையுறையைக் கழற்றிக் கையைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அன்றைக்கு அந்தக் கருவியை வைத்துவிடுங்கள்.

காலையும் பாருங்கள்

கையில் வந்தது கண்ணில் படும், காலில் வந்தது பூட்ஸுக்குள் மறைந்துவிடும். ரப்பர் பூட்ஸ் பாம்பு, முள்ளிலிருந்து காக்கிறது, சரிதான். ஆனால் காற்று போகாத, வழவழப்பில்லாத உள்பக்கம் அதற்கு. வெறுங்காலில் மாட்டினால் வியர்வையும் உராய்வும் சேர்ந்துவிடும். அளவு பெரிதாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கும். உங்கள் அளவிலேயே வாங்குங்கள். முழங்கால்வரை வரும் தடித்த காலுறை போடுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டுங்கள். பூரான், தேள் மட்டுமில்லை, ஒரு சின்னக் கல் இருந்தாலும் போதும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். நம் நாட்டில் 2023-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். சர்க்கரை வருடக்கணக்கில் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். நரம்பு மரத்தால் கொப்புளம் வலிக்காது. ரத்த ஓட்டம் குறைந்தால் ஆறாது. வலி இல்லை என்பது நல்ல சேதி என்று நாம் நினைக்கிறோம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

உடைக்காதீர்கள். மேலே இருக்கும் தோல்தான் இருப்பதிலேயே சிறந்த கட்டு. உள்ளே கிருமி போகாமல் அது காக்கும். ஓரிரு நாளிலேயே அடியில் புதுத் தோல் உருவாகத் தொடங்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, ஒட்டாத துணிக்கட்டோ பிளாஸ்டரோ போட்டு மூடுங்கள்.

தானாக உடைந்துவிட்டால், தொங்கும் தோலைப் பிய்க்காதீர்கள். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, தோலை அப்படியே படிய வைத்து மூடுங்கள். கட்டு நனைந்தால் மாற்றுங்கள். பற்பசை எரிச்சலைத்தான் கூட்டும். சமையலறை மஞ்சள் சுத்திகரித்த மருந்து இல்லை, திறந்த புண்ணில் அதைப் போடாதீர்கள்.

ஊசி? கொப்புளம் மிகப் பெரிதாகி, வேலை செய்ய முடியாத அளவுக்கு வலித்தால், கிளினிக்கில் சுத்தமான ஊசியால் நீரை எடுத்துவிடுவார்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் வீட்டில் ஊசியைத் தொடவே கூடாது. காலில் கொப்புளம் என்றால், சின்னதாக இருந்தாலும் அன்றே கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

சுற்றிலும் சிவப்பு பரவுவது, சூடாக இருப்பது, சீழ், துர்நாற்றம், கருத்த தோல், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும், யாராக இருந்தாலும், காத்திருக்க வேண்டாம்.

நம் மண்ணில் இருப்பது

உடைந்த கொப்புளத்தோடு மண்ணில் கை வைக்கக்கூடாது என்பதற்கு இங்கே கூடுதலாக ஒரு காரணம் உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கு அந்தப் பெயரே மருத்துவமனையில்தான் தெரிய வந்தது. அந்தக் கிருமி மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. 1921-இல் இந்த நோய்க்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் அதை ஆராய்ந்த ஸ்டேன்டன், ஃபிளெட்சர் என்ற இரண்டு மருத்துவர்கள். அந்த அளவுக்கு நம் ஊரோடு தொடர்புடைய நோய் அது.

தோலில் இருக்கும் சின்ன வெடிப்பு அதற்கு ஒரு வாசல். மழைக் காலத்தில் கூடுதலாக வரும். அதனால் மோசமாகப் பாதிக்கப்படுபவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்களே அதிகம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும் இதே வாசலைத் தேடும். பயப்படச் சொல்லவில்லை. புண்ணை நீர் புகாத பிளாஸ்டரால் மூடி, கையுறை, பூட்ஸ் போட்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த வாசலைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம். மண்வேலை செய்த சில நாள்களில், சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்பதற்கு முன்பே 'நான் மண்ணில் வேலை செய்தேன்' என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு அது பெரிய தகவல்.

இந்த வருடம்

போன மாதம் மறுபடியும் புல் வெட்டினோம். அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை. "ஒரு விரல்தான் போச்சு, ஒன்பது இருக்கு" என்றார். சரி, பேரம் பேசி முடித்தோம். புது பூட்ஸ், அவர் அளவுக்கு. தடித்த காலுறை. அரை மணி நேரம் மட்டும். அதற்குமேல் அவர் வேலை, எனக்குக் குறை சொல்வது.

நான் கையுறையோடு வெட்டினேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கருவியை மாற்றினேன். ஒரே நாளில் முடிக்கவில்லை. இரண்டு சனிக்கிழமை ஆனது. கொப்புளம் வரவில்லை.

இப்போது அந்த வீட்டில் ஒரு புதுப் பழக்கம். இரவு மருந்து சாப்பிட்டதும் அப்பா காலை நீட்டுவார். அம்மா கைத்தொலைபேசி விளக்கைப் போட்டு உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும், குதிகாலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரண்டு நிமிடம்தான். முதலில் அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அம்மா மறந்தாலும் அவரே கூப்பிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் இனிப்பு நீர் உள்ள ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் புல் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், இன்றிரவு அவருடைய கால்களை ஒரு முறை பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். நீங்களே பாருங்கள்.